ஆர்.வி.க்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் வாழும் நம் வாசகர்களில் பலர் ஆர்.வி. (சமைத்து, தூங்கி, தங்கிப் பயணிக்கும் வசதியுள்ள வண்டி) வாங்கத் தொடங்கியிருப்பது வரும் கடிதங்களிலிருந்து தெரிகிறது. எக்ஸ்டெண்டட் வாரண்டி, அதாவது தயாரிப்பாளரின் வாரண்டி முடிந்த பிறகும் பழுதுச் செலவை ஏற்பதாகத் தனியாக விற்கப்படும் உறுதிமொழி, குறித்து வந்த மூன்று கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: வரும் கோடையில் ஊரிலிருந்து என் மாமனாரும் மாமியாரும் வந்து ஆறு மாதம் எங்களுடன் தங்கப் போகிறார்கள். வெளிச் சாப்பாடு அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. ஆகவே சமையலறையும் கழிப்பறையும் உள்ள கிளாஸ் சி (நடுத்தர அளவு) மோட்டார் ஹோம் ஒன்றைப் புதிதாக வாங்கி, அவர்களை யெல்லோஸ்டோன் வரை அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறோம். ஃபோர்டு இ-450 சேஸி (இன்ஜினும் சக்கரமும் உள்ள அடிப்பகுதி), ஒரு ஸ்லைடு அவுட் (நிறுத்திய பின் பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப் பகுதி). விலை பேசி முடித்த பிறகு, டீலரின் ஃபைனான்ஸ் அலுவலர் ஏழு வருட எக்ஸ்டெண்டட் வாரண்டி 6,000 டாலர் என்றும், கடனோடு சேர்த்துவிட்டால் மாதத் தவணையில் 57 டாலர்தான் கூடும் என்றும், வண்டியை எடுக்கும் நாள் வரைதான் இந்த விலை என்றும் சொன்னார். கடன் 15 வருடம், வட்டி 8 சதவீதம். நாங்கள் பயன்படுத்தாத மாதங்களில் வண்டியை வாடகைக்கு விடும் எண்ணமும் உண்டு. என் கணவர் வாங்கிவிடலாம் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்வது?
— வாசகி, டாலஸ் அருகே, டெக்சாஸ்

பதில்: வாங்க வேண்டாம், குறைந்தபட்சம் அந்த மேசையில், அந்தக் கடனோடு சேர்த்து வாங்க வேண்டாம். உங்கள் தயக்கத்துக்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன.

ஏழு வருடம் என்ற கணக்கை முதலில் பார்ப்போம். மோட்டார் ஹோம் ஒரே நிறுவனத்தின் பொருள்போல் தோன்றினாலும் அதில் பல நிறுவனங்களின் கைவேலை சேர்ந்திருக்கிறது. சேஸிக்கு ஃபோர்டு தரும் வாரண்டி 3 வருடம் அல்லது 36,000 மைல். இன்ஜின், கியர் பாக்ஸ் முதலிய பவர்ட்ரெய்ன் பாகங்களுக்கு 5 வருடம் அல்லது 60,000 மைல். அதன்மேல் வீட்டுப் பகுதியைக் கட்டிய நிறுவனத்தின் வாரண்டி பெரும்பாலும் 1 வருடம்தான். ஜேகோ போன்ற சிலர் 2 வருடம் தருகிறார்கள். ஃப்ரிட்ஜ், ஏ.சி., ஜெனரேட்டர், வாட்டர் ஹீட்டர் ஆகியவற்றுக்கு அவற்றைத் தயாரித்தவர்களின் வாரண்டி தனித்தனியாக உண்டு. டயருக்கு டயர் கம்பெனியிடம்தான் போக வேண்டும். இவை அனைத்தும் வண்டியின் விலைக்குள்ளேயே அடங்கியவை. டீலர் விற்கும் ஏழு வருடம் வண்டி வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுமானால், இன்ஜினைப் பொறுத்தவரை நீங்கள் புதிதாகப் பெறுவது கடைசி இரண்டு வருடங்கள்தான். வீட்டுப் பகுதிக்கும் முதல் வருடம் ஏற்கெனவே இலவசமாகக் கிடைத்துவிட்டது. தயாரிப்பாளரின் வாரண்டி இருக்கும் காலத்தில் எக்ஸ்டெண்டட் வாரண்டி தருபவர்கள் பணம் தரமாட்டார்கள் என்பது இத்தகைய ஒப்பந்தங்களில் வழக்கமாக இருக்கும் விதி.

இந்த உறுதிமொழியைத் தருபவர் யார் என்பதையும் கவனியுங்கள். தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு தரப்படும் இத்தகைய ஏற்பாட்டை, 1975-இல் வந்த மாக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் சேவை ஒப்பந்தம் என்று வேறாகவே வகைப்படுத்துகிறது. பெரும்பாலும் வண்டியைச் செய்தவருக்கும் விற்றவருக்கும் தொடர்பில்லாத மூன்றாவது நிறுவனம் ஒன்றுதான் அதன்படி பணம் தர வேண்டியது. டீலர் அதை விற்றுக் கமிஷன் பெறுபவர். அந்தக் கமிஷன் சிறியதாக இருப்பதில்லை. அதனால்தான் 6,000 டாலர் என்று சொன்ன விலை, நீங்கள் எழுந்து வெளியே நடந்தால் இறங்கும். வண்டி விலையைப் போலவே இதுவும் பேரம் பேசக்கூடியது.

பழுது எங்கே வரும் என்பதுதான் அடுத்த கேள்வி. ஆர்.வி.யில் பொறுமையைச் சோதிப்பது பெரும்பாலும் இன்ஜின் அல்ல, வீட்டுப் பகுதிதான். நாட்டின் ஆர்.வி.க்களில் பெரும் பங்கு இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத் தொழிற்சாலைகளில், பெரும்பாலும் கையால் விரைந்து பொருத்தப்பட்டு வெளிவருகிறது. கதவு சரியாகச் சாத்தாதது, குழாய் இணைப்பு கசிவது, ஒயர் தளர்ந்திருப்பது போன்ற குறைகள் பெரும்பாலும் முதல் சில பயணங்களிலேயே தலைகாட்டிவிடும். அது தயாரிப்பாளரின் வாரண்டிக் காலம். ஆகவே வண்டி வந்ததும் வீட்டு வாசலிலேயே இரண்டு இரவு தங்கி, எல்லாக் குழாய்களையும் திறந்து, ஏ.சி.யையும் ஜெனரேட்டரையும் ஓடவிட்டு, குறைகளை எழுத்தில் டீலரிடம் கொடுங்கள். பெரியவர்களை அழைத்துக்கொண்டு நெடும்பயணம் போகும் முன் இதைச் செய்துவிடுவது மிகவும் முக்கியம். சரிசெய்ய முடியாத பெருங்குறை இருந்தால் குறையுள்ள வண்டியை வாங்கியவரைக் காக்கும் டெக்சாஸின் லெமன் சட்டம் மோட்டார் ஹோமுக்கும் பொருந்தும். மாநில மோட்டார் வாகனத் துறையிடம் முறையிடலாம். அந்த உரிமைக்கு எந்த எக்ஸ்டெண்டட் வாரண்டியும் தேவையில்லை.

அடுத்து, மிகப் பெரிய சேதத்தை இந்த ஒப்பந்தம் தாங்குமா என்று பாருங்கள். ஆர்.வி.யின் பெரும் எதிரி மழைநீர். கூரையில் ஏ.சி., காற்றுப்போக்கி, ஸ்கைலைட், ஏணித் திருகுகள் ஆகியவற்றைச் சுற்றிப் பூசியிருக்கும் சீலன்ட் (நீர் புகாமல் அடைக்கும் பசை) வெயிலில் காய்ந்து மயிரிழை போல வெடிக்கும். அந்த வெடிப்பு வழியே இறங்கும் நீர் சுவருக்குள் மரச்சட்டத்தை ஊறவைத்து, வெளிப்புற ஃபைபர் கிளாஸ் தகடு உப்பி எழும்பும்வரை கண்ணுக்குத் தெரிவதில்லை. அதைச் சரிசெய்யும் செலவு பல ஆயிரம் டாலரில் போய் நிற்கும். ஆனால் சேவை ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை நீர்க்கசிவு, பூஞ்சை, துரு, தகடு உரிதல் ஆகியவற்றை விலக்குப் பட்டியலில் வைத்திருக்கின்றன. ‘இயந்திரக் கோளாறு’ மட்டுமே அவர்கள் பொறுப்பு. நீங்கள் எதற்கு அதிகமாக அஞ்ச வேண்டுமோ அதற்குக் காசு தராத ஒப்பந்தத்துக்கு 6,000 டாலர் என்பது என் கண்ணுக்கு அதிகம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏணியில் ஏறிச் சீலன்ட்டைப் பார்த்து, தேதி தெரியும்படி படம் எடுத்து வைத்து, வெடிப்பு கண்ட இடத்தில் புதிதாகப் பூசுவது அந்த 6,000 டாலரைவிட அதிகப் பாதுகாப்பு தரும்.

ஒப்பந்தத்தில் அடங்கிய பழுது என்றாலும் காசு கைக்கு வரும் வழி நேராக இருப்பதில்லை. வெள்ளிக்கிழமை மாலை முகாமில் ஸ்லைடு அவுட்டை உள்ளே இழுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சில வகைகளில் அறையின் இரு பக்கமும் தனித்தனி மோட்டார் இருக்கும். ஒன்று ஓட மற்றொன்று நின்றுவிட்டால் அறை கோணலாகச் செருகிக்கொள்ளும். அறை வெளியே நீண்டிருக்க வண்டியை நகர்த்த முடியாது. இப்போது ஒப்பந்த நிறுவனத்தை அழைத்தால், பழுது பார்க்கும் முன் தங்கள் அனுமதி வேண்டும் என்பார்கள். கோளாறு என்ன என்பதை மெக்கானிக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அதற்காகக் கழற்றிப் பார்க்கும் கூலி, கிளெய்ம் ஏற்கப்படாவிட்டால் உங்கள் தலையில் விழும். தொகை பெரியதென்றால் தங்கள் ஆய்வாளரை அனுப்புவார்கள். திங்கட்கிழமை வரை காத்திருக்க முடியாமல் நீங்களே காசு கொடுத்துச் சரிசெய்துவிட்டால், அனுமதி பெறவில்லை என்ற காரணத்தால் அந்தத் தொகை திரும்பாமல் போகலாம். சாலையில் இழுத்துச் செல்லும் உதவிக்குத் தனியாகக் குறைந்த கட்டணத்தில் உறுப்பினராகச் சேரலாம். அதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இரட்டை மோட்டார் உள்ள ஸ்லைடு என்றால், அறை முழுதாக வெளியே வந்த பிறகும் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிப்பது இரு மோட்டார்களையும் ஒத்த நிலைக்குக் கொண்டுவரும். கையேட்டில் உள்ள அந்தக் குறிப்பைப் பலர் படிப்பதில்லை.

வாடகைக்கு விடும் எண்ணம் உண்டென்று எழுதியிருக்கிறீர்கள். இதை மட்டும் கொண்டே முடிவெடுத்துவிடலாம். வாடகைப் பயன்பாட்டைப் பெரும்பாலான சேவை ஒப்பந்தங்கள் வணிகப் பயன்பாடாகக் கருதி விலக்குகின்றன. தயாரிப்பாளரின் வாரண்டியிலேயே இப்படிப்பட்ட விலக்கு பல இடங்களில் இருக்கிறது. ஔட்டோர்சி, ஆர்.வி.ஷேர் போன்ற தளங்களில் ஒரு முறை வாடகைக்கு விட்டது தெரிந்தாலும் கிளெய்ம் மறுக்கப்படக்கூடும். அத்தளங்கள் வழியே கிடைக்கும் காப்பீடு விபத்துச் சேதத்துக்கானது. பழுதடைந்த பம்புக்கு அது உதவாது.

கடைசியாக அந்த 57 டாலர். 15 வருடக் கடனில் மாதம் 57 டாலர் என்றால் மொத்தம் சுமார் 10,300 டாலர் கட்டுகிறீர்கள். ஒப்பந்தம் ஏழு வருடத்தில் முடிந்துவிடும். தவணை மேலும் எட்டு வருடம் ஓடும். அதே 57 டாலரை மாதாமாதம் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கில் போட்டுவந்தால் ஏழு வருடத்தில் வட்டியில்லாமலே 4,788 டாலர் சேரும். அதைச் சீலன்ட்டுக்கும் செலவிடலாம், டயருக்கும் செலவிடலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. செலவே வராவிட்டால் அது உங்கள் பணம்.

‘இன்று விட்டால் கிடைக்காது’ என்ற பேச்சை நம்ப வேண்டாம். வயதும் மைலும் வரம்புக்குள் இருக்கும்வரை, வாங்கிய பிறகும் ஆர்.வி.க்குச் சேவை ஒப்பந்தம் விற்கும் நிறுவனங்கள் உண்டு. முதல் வருட வாரண்டி முடியும் தறுவாயில், வண்டியின் குணம் தெரிந்த பிறகு, வெளியில் இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்டு முடிவெடுக்கலாம். திடீரென்று 3,000 டாலர் செலவு வந்தால் குடும்பம் தடுமாறும் என்ற நிலை இருந்தால் மட்டும் என் கருத்தை மாற்றிக்கொள்வேன். அப்போதும் வாடகை எண்ணத்தைக் கைவிட்டு, ரொக்கமாகக் கட்டி, ஒப்பந்தத்தின் முழு நகலை வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்த பிறகே வாங்குங்கள். விளம்பரத் தாளைத் தந்து, முழு ஒப்பந்தம் பிறகு தபாலில் வரும் என்று சொல்பவரிடம் வாங்கவே வேண்டாம்.

கேள்வி: மூன்று வாரங்களுக்கு முன் புதிய மோட்டார் ஹோம் வாங்கியபோது அவசரத்தில் சேவை ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டுவிட்டோம். இதுவரை கிளெய்ம் எதுவும் செய்யவில்லை. ரத்துசெய்ய முடியுமா?
— வாசகர், ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா

பதில்: முடியும், தாமதிக்காமல் செய்யுங்கள். கலிஃபோர்னியச் சட்டப்படி, புதிய வாகனத்துக்கான சேவை ஒப்பந்தத்தைப் பெற்ற 60 நாட்களுக்குள், கிளெய்ம் எதுவும் செய்யாத நிலையில், எழுத்து மூலம் ரத்துசெய்தால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். அந்தக் காலம் கடந்தாலும், மீதமுள்ள காலத்துக்கோ மைலுக்கோ ஏற்ற பங்கைச் சிறு கட்டணம் கழித்துப் பெறலாம். டீலரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவது போதாது. ஒப்பந்தத்தில் ரத்து முகவரி என்று அச்சிட்டிருக்கும் இடத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, நகலை டீலருக்கும் கொடுங்கள். கடனோடு சேர்த்து வாங்கியிருந்தால் பணம் வங்கிக்குத்தான் போகும். கடன் பாக்கி குறையும், ஆனால் மாதத் தவணை அப்படியே இருக்கும். பாக்கி குறைந்ததா என்பதை அடுத்த இரண்டு மாத அறிக்கைகளில் சரிபாருங்கள். பிற மாநில வாசகர்களுக்கு நாள் கணக்கு மாறும். ஒப்பந்தத்தின் ரத்துப் பிரிவில் அது எழுதப்பட்டிருக்கும்.

கேள்வி: நான் ஓய்வு பெற்றவன். பனிக்காலத்தை ஃப்ளோரிடாவில் கழிப்பதற்காக, ஒன்பது வருடப் பழைய டீசல் கிளாஸ் ஏ (பேருந்து போன்ற பெரிய வகை) மோட்டார் ஹோம் ஒன்றை வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறேன். நான்கு ஸ்லைடு, மூன்று ஏ.சி., ஹைட்ராலிக் லெவலிங் (நிறுத்திய வண்டியைச் சமமாக்கும் அமைப்பு). பழைய வண்டிக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி வீண் செலவு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இப்போதெல்லாம் ‘உங்கள் வாரண்டி முடியப்போகிறது’ என்று தொலைபேசி அழைப்புகள் வேறு வருகின்றன. தங்கள் கருத்து என்ன?
— வாசகர், ட்ராய், மிச்சிகன்

பதில்: உங்கள் விஷயத்தில் நான் நண்பர்களோடு உடன்படவில்லை. ஒன்பது வருட டீசல் வண்டியில் தயாரிப்பாளரின் வாரண்டி எதுவும் மிஞ்சியிராது; பழுதடையக்கூடிய பாகங்களோ ஏராளம், ஒவ்வொன்றும் விலை கூடியது. டீசல் இன்ஜினிலோ கியர் பாக்ஸிலோ பெரிய வேலை வந்தால் அந்த ஒரே பில் ஒப்பந்த விலையைத் தாண்டிப் போகக்கூடும். ஓய்வூதிய வருமானத்தில் வாழ்பவருக்கு அந்த ஒற்றை அடியைத் தவிர்ப்பது நியாயமான நோக்கம். எனினும் நல்ல ஒப்பந்தமாக இருந்தால் மட்டுமே இந்தப் பேச்சு பொருந்தும்.

வாங்கும் முன் வண்டியைத் தனி ஆய்வாளரைக் கொண்டு சோதியுங்கள். தேசிய ஆர்.வி. ஆய்வாளர் சங்கத்தின் சான்று பெற்றவர்கள் பெரும்பாலான மாநிலங்களில் இருக்கிறார்கள். இன்ஜின் ஆயில், கூலன்ட், கியர் ஆயில் ஆகியவற்றின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஆயிலில் உலோகத் துகளோ கூலன்ட் கலப்போ இருந்தால் அந்தச் சோதனையில் தெரிந்துவிடும். இந்த அறிக்கைக்கு இரண்டு பயன் உண்டு. விலை பேச உதவும் என்பது ஒன்று. முன்பே இருந்த கோளாறு என்று சொல்லிப் பின்னாளில் கிளெய்மை மறுக்கும்போது, ஒப்பந்தம் தொடங்கிய நாளில் அந்தப் பாகம் நன்றாக இருந்தது என்பதற்கு உங்களிடம் சான்று இருக்கும் என்பது மற்றொன்று.

ஒப்பந்தங்களில் இரண்டு வகை உண்டு. பட்டியலில் எழுதிய பாகங்களுக்கு மட்டும் பணம் தருவது ஒரு வகை. விலக்குப் பட்டியலில் எழுதியவை தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பணம் தருவது இன்னொரு வகை. உங்கள் வண்டி போன்று பாகங்கள் மிகுந்ததற்கு இரண்டாவது வகையே ஏற்றது. முதல் வகையில், போன பாகத்தின் பெயர் பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்தால் கைவிரிப்பார்கள். இரண்டாவதிலும் விலக்குப் பட்டியலை வரிவரியாகப் படியுங்கள். டிடக்டிபிள் (நீங்கள் கையிலிருந்து கட்டும் பங்கு) பழுதுக்கு ஒன்றா, பணிமனைக்குப் போகும் முறைக்கு ஒன்றா என்று கேளுங்கள். ஒரே வருகையில் மூன்று பழுதுகளைப் பார்க்கும்போது அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியும். மணிக்கூலிக்கு உச்சவரம்பு வைத்திருந்தால், ஃப்ளோரிடாவில் நீங்கள் தங்கும் ஊரின் பணிமனை வாங்கும் கூலியோடு அதை ஒப்பிடுங்கள். முகாமுக்கே வந்து பழுது பார்க்கும் மொபைல் டெக்னீஷியனை ஏற்பார்களா என்பதும், தொடங்கிய பின் சில வாரம் காத்திருப்புக் காலம் உண்டா என்பதும் உங்களுக்கு முக்கியம். ஆண்டு முழுவதும் வண்டியிலேயே வசிப்பவர்களைச் சில ஒப்பந்தங்கள் ஏற்பதில்லை. பனிக்காலம் மட்டும் தங்குவதை எழுத்தில் தெரிவித்துப் பதிலையும் எழுத்தில் பெறுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மேல், நிறுவனம் மூடப்பட்டால் யார் பணம் தருவார் என்று கேளுங்கள். இது கற்பனையான அச்சம் இல்லை. வாகனச் சேவை ஒப்பந்தங்களுக்குப் பின்புலமாக நின்ற நேஷனல் வாரண்டி என்ற நிறுவனம் 2003-இல் நொடித்துப்போனது. மிசௌரியில் தொலைபேசி வழியே பெருமளவில் விற்ற யு.எஸ். ஃபிடெலிஸ் 2010-இல் திவால் மனு கொடுத்தது. ஒப்பந்தத்தின் பின்னால் பெயர் தெரிந்த காப்பீட்டு நிறுவனம் ஒன்று பொறுப்பேற்றிருப்பதாகவும், ஒப்பந்தத்தை நிர்வகிக்கும் நிறுவனம் பணம் தராவிட்டால் நீங்கள் நேரடியாக அந்தக் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்கலாம் என்றும் ஒப்பந்தத்திலேயே அச்சிட்டிருக்க வேண்டும். அந்தப் பெயரை மிச்சிகன் காப்பீட்டுத் துறையிடம் சரிபாருங்கள். விளம்பரத்தில் அடிக்கடி கேட்ட பெயர் என்பது போதுமான சான்று இல்லை: தொலைக்காட்சியில் ஓயாமல் விளம்பரம் செய்த கார்ஷீல்டு நிறுவனம், ஏமாற்றும் விளம்பரங்கள் என்ற குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள மத்திய வர்த்தக ஆணையத்துக்கு 2024-இல் 1 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

வாங்கிய பிறகு ஆயில் மாற்றியது முதல் ஜெனரேட்டர் சர்வீஸ் வரை எல்லா ரசீதுகளையும் ஒரே கோப்பில் வையுங்கள். பராமரிப்பை நிரூபிக்க முடியாதது கிளெய்ம் மறுக்கப்படும் காரணங்களில் ஒன்று. வண்டியை விற்கும்போது ஒப்பந்தத்தைச் சிறு கட்டணத்தில் அடுத்தவர் பெயருக்கு மாற்ற இடமிருந்தால் விலையும் சற்றுக் கூடும்.

தொலைபேசி அழைப்புகளைப் பொறுத்தவரை, அவற்றுக்குப் பதிலே சொல்ல வேண்டாம். வாகன வாரண்டி என்ற பெயரில் ஒரே கும்பல் 2021-இல் மூன்று மாதங்களுக்குள் 500 கோடிக்கும் மேற்பட்ட தானியங்கி அழைப்புகளைச் செய்ததாகக் கண்டறிந்த மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம், 2022-இல் அந்த அழைப்புகளைத் தடுக்கும்படி தொலைபேசி நிறுவனங்களுக்கு உத்தரவிட்டு, 2023-இல் ஏறத்தாழ 30 கோடி டாலர் அபராதம் விதித்தது. எதிர்முனையில் இருப்பவரிடம் உங்களைப் பற்றிய விவரம் எதுவும் இருக்க வேண்டிய அவசியமில்லை. வண்டியின் மாடல், மைல் கணக்கு, வி.ஐ.என். (வண்டியின் அடையாள எண்), கார்டு எண் எல்லாவற்றையும் உங்கள் வாயிலிருந்தே வரவழைப்பார்கள். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் வண்டி இன்னும் உங்கள் பெயருக்கே வராத நிலையில், அதன் வாரண்டி முடியப்போவதாக யாரும் உங்களை அழைக்கக் காரணமே இல்லை.